வரலாற்றுப் புதினத்தைச் சுவைத்தல்: கடாரமும் ஜொகூர் ஆற்றங்கரையும்

வரலாற்றுக் காதற்புதினம் மேனாட்டிலிருந்து தமிழுக்கு வந்த இலக்கிய வகையாகும். வால்டர் ஸ்காட் 1814ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வேவர்லி’யோடு அது நிலையான வடிவம் பெற்றது என்பர். அவருடைய ‘ஐவன்ஹோ’வில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு வரலாற்று மாந்தன், வீரன் ஐவன்ஹோவும் அவன் காதலி ரொவீனாவும் கற்பனை மாந்தர். அரசரைச் சற்றே விலக்கி நிறுத்தி, ஓர் இளைஞனின் வீரத்தையும் காதலையும் கொண்டு ஒரு காலத்தைக் காட்டுவது ஸ்காட் கண்ட முறை.

தமிழில் இவ்வகைக்கு முன்னோடி, திரிகோணமலை சரவணமுத்துப் பிள்ளை 1895இல் இயற்றிய ‘மோகனாங்கி’. இதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் கல்கி. அவரது ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் குந்தவை என்பதைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு கூறுகிறது. அவர்கள் எவ்வாறு சந்தித்தனர், எவ்வாறு அன்பு கொண்டனர் என்பவற்றை அது கூறவில்லை. கல்வெட்டு வாய்மூடிய அவ்விடத்தில் கல்கியின் கற்பனை வாய்திறந்தது. வரலாற்றுப் புதினம் தரும் இன்பத்தின் ஊற்று இதுவே.

இவ்வின்பம் மலேசியத் தமிழராகிய நமக்குத் தனிப்பொருள் உடையது. கி.பி. 1025இல் முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து கடாரத்தின்மேல் படை செலுத்தினான். அவனது மெய்க்கீர்த்தி, பிடிபட்ட மன்னனையும் யானைகளையும் கைப்பற்றிய செல்வத்தையும் வென்ற ஊர்களையும் வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் காதலுக்கு இடமில்லை. தோற்ற நாட்டு மக்களின் குரலும் அதில் கேட்பதில்லை. இக்குறையை நிரப்புவதுபோல் அமைந்தது சாண்டில்யனின் ‘கடல்புறா’. அதன் தலைவன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கப் போரால் புகழ்பெற்ற வரலாற்று மாந்தன். அவன் காதல் கொள்ளும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியோ ஆசிரியரின் படைப்பு. வென்ற ஊர்ப் பெயர்களுள் ஒன்றாக நின்ற கடாரம், அவளால் நாம் அன்பு செலுத்தும் நாடாகிறது.

இத்தகைய கற்பனை தமிழ்ப் புதினத்துக்கு மட்டும் உரியதன்று. நம் ஜொகூர் மண்ணிலேயே அதற்கு முற்பட்ட சான்று உண்டு. 1612ஆம் ஆண்டளவில் ஜொகூர் பெண்டாஹாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்தமைத்ததாகக் கருதப்படும் ‘செஜாரா மெலாயு’, இந்தியாவிலிருந்து பெரும்படையுடன் வந்த மன்னன் ஒருவனின் கதையைச் சொல்கிறது. அவன் கங்கா நகரத்தை வென்றபின், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற்கோட்டையுடன் விளங்கிய நாட்டை வெல்கிறான். அந்நாட்டு இளவரசி ஓனாங் கியூவை மணக்கிறான். இது சோழர் படையெடுப்பின் நெடுநாளைய நினைவு என அறிஞர் பலர் கருதுவர். அக்கோட்டையின் இருப்பிடம் இன்றளவும் ஐயமற நிறுவப்படவில்லை. மெய்க்கீர்த்தியின் பட்டியலிலும் ஜொகூர் என்னும் பெயர் இல்லை.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். தமிழ்ப் புதினம் தமிழ் வீரனைக் கடாரத்து மகளோடு சேர்க்கிறது. மலாய் வரலாற்று நூலோ, படையெடுத்து வந்தவனையே மருமகனாக்கித் தன் அரச மரபின் முன்னோர் கதையோடு இணைத்துக்கொள்கிறது. ஒன்று வென்றவர் பக்கத்திலிருந்து எழுந்தது. மற்றொன்று வெல்லப்பட்டவர் பக்கத்திலிருந்து எழுந்தது. இருபுறத்தாரும் போரை நினைவில் வைக்க மணவுறவையே நாடியுள்ளனர். எனினும் ஓனாங் கியூ அம்மணத்தை விரும்பினாளா என்னும் வினாவையும் நாம் எழுப்ப வேண்டும். தந்தையை இழந்து மணம் புரிந்த அவள் கதையைக் காதற்கதை என்று எளிதில் சொல்லிவிட இயலாது.

ஆசிரியர்கள் இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. ‘கடல்புறா’வைப் படித்த மாணவன், “இந்நாட்டை நம் முன்னோர் வென்றனர்” என்னும் பெருமிதத்தோடு நின்றுவிடக்கூடும். அவனுக்கு அருகில் அமர்ந்திருக்கும் மலாய் மாணவன் அதே நிகழ்ச்சியை ஓனாங் கியூவின் கதையாக அறிந்திருக்கலாம். இருவரும் தாம் அறிந்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வகுப்பறையில் வரலாறு செருக்குக்குக் கருவியாகாது, உரையாடலுக்கு வழியாகும்.

ஆகவே புதினத்தைச் சுவைக்க வேண்டா என நாம் தடுக்கவில்லை. முதல் வாசிப்பில் கதையின் விரைவுக்கு மாணவர் தம்மை ஒப்புக்கொடுக்கட்டும். மறுவாசிப்பில், கல்வெட்டு கூறுவது எது, பழங்கதை கூறுவது எது, ஆசிரியர் புனைந்தது எது என மூன்றாகப் பகுத்து எழுதட்டும். இப்பகுப்பினால் சுவை குன்றாது. ஒரு வரிச் செய்தியிலிருந்து ஒரு பெருங்கதை எழுந்த விதத்தை அறிந்தவர்க்கே கற்பனையின் ஆற்றல் முழுதும் விளங்கும்.