துப்புக்கூலியும் முதல் தகவல் அறிக்கையும்: தமிழகத்தில் களவு கொடுத்தோரின் முறையீட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பொருளைக் களவு கொடுத்தவரின் புகார் காவல் நிலையத்தில் பதிவு செய்யப்படாமல் போவது இன்றைய நிருவாகக் குறைபாடாகவே பெரிதும் பார்க்கப்படுகிறது. அதன் வேர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகக் காவல்முறை அடைந்த மாற்றத்தில் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஊர்க்காவல் முறையில் இழப்பீடு கேட்கும் உரிமை பெற்றிருந்தவர், புதிய காவல்துறையின் கீழ்த் தகவல் தருபவராக மட்டும் ஆனார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பாடிகாவல், துப்புக்கூலி, சித்திரவதை விசாரணை ஆணையம், புகார்ப் பதிவு, இழப்பீடு.

முன்னுரை

தமிழகக் காவல்முறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு தரப்பினரையே மையப்படுத்தியுள்ளன. ஒரு தரப்பு காலனிய அரசு. மற்றொரு தரப்பு அவ்வரசால் குற்றவாளிகள் என முத்திரை குத்தப்பட்ட சமூகத்தினர். மாட்டையோ நகையையோ பறிகொடுத்துவிட்டு முறையிட இடம் தேடியவர் இவ்வாய்வுகளில் ஓரத்திலேயே நிற்கிறார். அவர் யாரிடம் சென்றார், எதை எதிர்பார்த்தார், ஏன் காவல் நிலையத்தைத் தவிர்த்தார் என்னும் வினாக்களை முன்வைத்துக் காவல் வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்க்காவலும் ஈடுசெய்யும் கடமையும்

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பாடிகாவல் என்னும் உரிமையைக் குறிப்பிடுகின்றன. ஊரைக் காப்பவர் அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கோ வரியோ பெற்றார். பிற்காலத்தில் பாளையக்காரர் ஆட்சியில் இம்முறை தேசக்காவல், தலக்காவல் என விரிந்தது. பரந்த நிலப்பகுதிக்கும் வழித்தடங்களுக்கும் உரியது முன்னது. தனி ஊருக்கு உரியது பின்னது.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. காவல்கூலி வாங்கியவர் களவுபோன பொருளை மீட்டுத் தர வேண்டும். இயலாதபோது அதன் மதிப்பை ஈடுசெய்ய வேண்டும். இக்கடமை எல்லாக் காலத்திலும் முழுமையாக நிறைவேறியது என்று கொள்ள இயலாது. காவல்காரர் மிரட்டிக் கூலி பெற்றதும், கூலி தராத ஊரில் களவு நிகழ்ந்ததும் உண்டு. எனினும் களவு கொடுத்தவர் பெயர் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்க முடிந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

1801இல் பாளையக்காரர் எதிர்ப்பு ஒடுக்கப்பட்ட பின், அவர்களுடைய காவல் உரிமைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன்வயப்படுத்தியது. காவல் வருவாயை எடுத்துக்கொண்ட அரசு, இழப்பை ஈடுசெய்யும் கடமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளவில்லை.

தாசில்தார் கையில் காவல்

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, தரோகா முறையை நீக்கிக் காவற்பணியைக் கிராமத் தலைவர், தலையாரி, தாசில்தார், கலெக்டர் என்னும் வருவாய்த்துறை அடுக்கிடம் ஒப்படைத்தது. இதனால் வரி தண்டுபவரும் புகார் கேட்பவரும் ஒருவரே ஆயினர். சேவகரால் துன்புற்ற குடியானவர், அச்சேவகரின் மேலாளரிடமே முறையிட வேண்டியிருந்தது.

இதன் விளைவுகளை எலியட், ஸ்டோக்ஸ், நார்டன் ஆகியோர் உறுப்பினராக இருந்த சித்திரவதை விசாரணை ஆணையத்தின் 1855ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. வரி தண்டுவதற்கும் குற்ற ஒப்புதல் பெறுவதற்கும் சித்திரவதை கையாளப்பட்டதை அது உறுதி செய்தது. நெடுந்தொலைவுப் பயணம், செலவு, காலத்தாழ்வு ஆகியன மக்களுக்கு நீதியை எட்டாததாக்கின என்பதையும் அது சுட்டியது. வருவாய்த்துறையிலிருந்து காவலைப் பிரிக்க வேண்டும் என்ற ஆணையத்தின் கருத்து, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்தில் தனிக் காவல்துறை உருவாக வழிவகுத்தது.

துப்புக்கூலி நிலைத்த காரணம்

புதிய துறை வந்த பின்னும் தென்மாவட்டங்களில் துப்புக்கூலி மறையவில்லை. களவுபோன மாட்டின் மதிப்பில் ஒரு பகுதியை இடையாளிடம் கொடுத்தால், குறித்த இடத்தில் மாடு கட்டப்பட்டிருக்கும். 1906இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியரில் பிரான்சிஸ் இவ்வழக்கத்தை விவரித்துள்ளார். திருடப்பட்ட பொருளை மீட்டுத் தருவதாகப் பணம் பெற்று, குற்றவாளியைப் பிடிக்க முயலாதிருப்பதை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 215ஆம் பிரிவில் குற்றமாக்கியிருந்தது. ஆயினும் வழக்கம் தொடர்ந்தது.

இதனை மக்களின் அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. உழவு மாட்டை இழந்தவருக்கு மழை பெய்த வாரத்திலேயே மாடு தேவை. காவல் நிலையத்தை நாடினால் விசாரணை, சாட்சியம், நீதிமன்ற அலைச்சல் என மாதங்கள் கழியும். மாடு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்க முனைந்தது. களவு கொடுத்தவரோ தம் பொருளைத் தேடினார்.

1896ஐ ஒட்டித் திண்டுக்கல் பகுதியில் எழுந்த பண்டு இயக்கம் இதற்குச் சான்றாகும். அதில் ஈடுபட்ட ஊரார் காவல்காரரை விலக்கிவிட்டுப் பொதுநிதி திரட்டி, மாடு பறிகொடுத்தவருக்கு அந்நிதியிலிருந்து ஈடு வழங்கத் திட்டமிட்டனர். காவல்காரரை மறுத்த மக்களும் இழப்பீடு என்னும் கொள்கையைக் கைவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. எனினும் இவ்வியக்கம் காவல் தொழில் செய்த கள்ளர் சமூகத்தார்மீது வன்முறையாகவும் மாறியது.

அரசின் விடை வேறு திசையில் அமைந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம், மக்கள் வழக்கில் ரேகைச் சட்டம், சமூகங்களை முழுமையாகக் கண்காணிப்புக்கு உட்படுத்தியது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாயினர். ஒரு சமூகத்தையே ஐயத்துக்குரியதாக்கிய இச்சட்டத்தில் களவு கொடுத்தவரின் இழப்பை ஈடுசெய்ய வழியேதும் இல்லை.

பதிவேடும் எண்ணிக்கையும்

1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், நிலையப் பொறுப்பு அலுவலர் புகாரை எழுத்தில் பதிய வேண்டும் என விதித்தது. 1882, 1898ஆம் ஆண்டுச் சட்டங்களில் இவ்விதி 154ஆம் பிரிவாக அமைந்தது. எழுதும் கடமை பிறந்தபோதே அதனைத் தவிர்க்கும் வாய்ப்பும் பிறந்தது. பதிவான குற்றங்கள் கூடினால் நிலையத்தின் திறமை ஐயத்துக்குள்ளாகும். பதியாவிடில் குற்றமே நிகழவில்லை என்றாகும். பிரேசர் தலைமையிலான 1902-03ஆம் ஆண்டுக் காவல் ஆணையம், புகாரைப் பதிவு செய்வதற்கே புகார்தாரர் பணம் தர நேர்வதைக் குறிப்பிட்டது. பொருளை மீட்கத் தந்த கூலியோடு, இழந்ததைச் சொல்வதற்கும் கூலி தரும் நிலை இது.

விடுதலைக்குப் பின்னும் இச்சிக்கல் நீடித்தது. 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம், புகார்ப் பதிவைக் கட்டாயமாக்கச் சட்டத் திருத்தம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. லலிதா குமாரி வழக்கில் நீதியரசர் ப. சதாசிவம் தலைமையிலான அரசியல் சாசன அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. தமிழகத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு மாற்றாக சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதோடு புகார்தாரரை அனுப்பிவிடும் போக்கு, கடமைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த நிலைய எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் தகவலைப் பெற வேண்டும் என்கிறது. அதே பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கும் இடமளிக்கிறது.

முடிவுரை

பாதிக்கப்பட்டவர் என்னும் சொல்லுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரையறை தந்தது 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அத்திருத்தம் உருவாக்கிய இழப்பீட்டுத் திட்டங்களும் உயிரிழப்பு, உடற்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றையே முதன்மையாகக் கருதுகின்றன. களவில் பொருளிழந்தவர் இன்றும் பெரும்பாலும் தகவல் தருபவரே. ஊர்க்காவல் முறை மிரட்டலையும் சாதி ஆதிக்கத்தையும் உட்கொண்டது. அதனை மீட்டெடுக்க வேண்டியதில்லை. ஆயின் இழப்புக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என அது ஏற்றிருந்த கொள்கை, நவீனக் காவல்முறையில் இடம்பெறவே இல்லை. புகாரைப் பதியச் செய்வதற்கான போராட்டம் இன்றியமையாதது. எனினும் அது கேட்பது செவியை மட்டுமே. துப்புக்கூலி கொடுத்தவர் கேட்டது தம் மாட்டை. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை அளக்கும்போதே தமிழகக் காவல்முறை வரலாறு முழுமையடையும்.