தாய்ப்பசுவின் நோயும் பொலிகாளையின் விந்தும்

நிரம்பக் கறக்கும் பசு, கன்று ஈன்ற ஓரிரு நாளில் சிலவேளை கால் தளர்ந்து படுத்துவிடும். கழுத்தை மடக்கித் தலையை விலாவில் சாய்த்துக்கொள்ளும். இதற்குப் ‘பால் சுரம்’ என்று பெயர். சுரமென்பது பெயரளவில்தான், தொட்டுப் பார்த்தால் காது சில்லிட்டிருக்கும். சீம்பால் ஊறும் வேகத்தில் குருதியிலுள்ள சுண்ணாம்புச் சத்து மடிக்கு இறங்கிவிடுவதே காரணம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவ்வாறு படுத்த மாடுகளிற் பாதிக்குமேல் எழுந்ததில்லை.

1897இல் டென்மார்க்கின் கோல்டிங் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஷ்மிட், நஞ்சு மடியிலே பிறக்கிறதென்று கருதிப் பொட்டாசியம் அயோடைடுக் கரைசலை மடிக்குள் செலுத்தினார். மாடு எழுந்தது! பின்னர் வெறுங்காற்றை அடைத்தபோதும் அதே பலன் கிட்டிற்று. கருத்து பிழை, மருந்து மட்டும் மெய். மடி உப்பியதால் பால் ஊறுவது தடைப்பட்டுச் சுண்ணாம்பு குருதியில் தங்கியது. 1925இல் டிரையர், கிரெக் என்னும் இருவர் உண்மைக் காரணத்தை எடுத்துரைத்த பின்னரே சுண்ணாம்புச் சத்து ஊசி வழக்கிற்கு வந்தது. சாக வேண்டிய கறவைகள் பிழைத்து மேலும் ஈன்றன. அவற்றின் காளைக் கன்றுகள் பொலிகாளைகளாயின.

முன்னாளில் ஒரு காளையின் வழி ஊர் மந்தையோடு நின்றுவிடும். 1936இல் அதே டென்மார்க்கில் செயற்கைக் கருவூட்டலுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன், ஹல்லிகர் பசுக்களுக்கு ஹோல்ஸ்டீன் காளையின் விந்தைச் செலுத்தினார். இந்தியாவில் அதுவே முதன்முயற்சி. 1949இல் இங்கிலாந்தில் கிளிசரின் கலந்து விந்தணுக்களை உறையவைக்கும் வழி காணப்பட்டதும், ஒரே காளை ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாக முடிந்தது. மலாயாத் தோட்டங்களில் தமிழர் லயத்தருகே வளர்த்த மாடுகளின் வழிவந்த ‘உள்நாட்டு இந்தியக் கறவை’ இனத்தோடும் ஐரோப்பியக் காளையின் விந்து பின்னர் ஊசிவழி கலந்தது.

இங்கேதான் தாயின் நோய் ஊரைக் கடக்கிறது. நோய் காணுமுன் கன்று பிறந்துவிடுகிறதே, அதை எவ்வாறு தீண்டும் என்று கேட்கலாம். கேள்வி அடுத்த கன்றைப் பற்றியது. ஈன்ற சில வாரங்களில் தின்பது கறப்பதற்கு ஈடாகாமல் பசு தன் கொழுப்பையே கரைக்கிறது; கீட்டோன் பொருள்கள் குருதியில் பெருகுகின்றன. அடுத்த சினைக்குரிய முட்டை வளர்வதும் அவ்வாரங்களிலேதான். சினைப்பட்ட பிறகும் மடியும் கருவும் ஒரே குருதிக்குப் போட்டியிடுகின்றன.

காளையின் விரையில் விந்தணுக்களுக்குச் செவிலிபோல் ஊட்டுபவை செர்டோலி அணுக்கள். இவை தாய்வயிற்றிலே தோன்றிப் பருவமெய்துமுன் பெருகி நின்றுவிடும். பிறகு எத்தனை மூட்டைப் புண்ணாக்கு போட்டாலும் எண்ணிக்கை கூடாது. சினையாட்டுக்குத் தீனி குறைந்தால் கடாக்குட்டியிடம் இவ்வணுக்கள் குறைவதைச் செம்மறியாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள் ஆகும். வெயிலோ காய்ச்சலோ விளைத்த கேடு சில திங்களில் மாறும். கருவில் நேர்ந்த குறைவு அப்படி மாறுவதன்று.

பொலிகாளையைத் தெரிந்தெடுப்போர் தாயின் பால் கணக்கைப் பார்ப்பர். விந்தணுக்களின் ஓட்டத்தை நுண்பெருக்கியில் பார்ப்பர். ஓட்டம் குன்றிய காளையின் தாய் எந்த ஈற்றில் எவ்வளவு நாள் படுத்துக்கிடந்தது என்பதை, பால் அளவை மட்டும் குறித்த ஏட்டில் காண இயலாது.