மறதிநோய் இல்லங்களில் மருந்துக் குறைப்பு

டிமென்ஷியா என்னும் மறதிநோய் முற்றியவர்களிடம் காணும் கூச்சல், ஓயாத நடை, வீண் சந்தேகம், கையோங்குதல் ஆகியவற்றை அடக்க மேலைநாட்டுப் பராமரிப்பு இல்லங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தவை மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள். அவற்றுள் மூத்தது குளோர்புரோமசின். 1950இன் இறுதியில் பிரான்சில் பால் ஷார்பான்டியே அதை உருவாக்கினார். அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியைத் தணிக்க அதைக் கையாண்ட ஆன்றி லபோரி, நோயாளிகளுக்குத் தம்மைச் சுற்றி நடப்பவற்றில் அக்கறை குன்றுவதைக் கவனித்தார். 1952இல் பாரிசில் மனநல மருத்துவர்கள் டிலே, டெனிக்கர் இருவரும் மனநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். 1958இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வகம் ஹாலோபெரிடாலைக் கண்டது. இவற்றில் எதுவும் மறதிநோயாளியை மனத்தில் வைத்து உருவானதன்று. லபோரி கண்ட அந்த அக்கறையின்மையே பின்னாளில் ஆள் பற்றாத இல்லங்களுக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவில் 1965இல் மெடிக்கேர், மெடிக்கெய்டு திட்டங்கள் வந்தபின் இல்லங்கள் பெருகின. 1987ஆம் ஆண்டுச் சட்டம், தண்டிக்கவோ பணியாளரின் வசதிக்காகவோ மருந்து புகட்டுவதை உடலைக் கட்டிவைப்பதோடு ஒரே வரிசையில் வைத்துத் தடுத்தது. அப்படி ஒன்றாக வைத்தது சரியே: மருந்தும் ஒரு கட்டுதான்.

கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் 12 இல்லங்களில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு விடை தந்தது. பணியாளர்கள் பத்து மாதம் பயிற்சியும் துணையும் பெற்ற இல்லங்களில், ஆண்டு முடிவில் இம்மருந்துகளை உட்கொண்டோர் 23 விழுக்காடு, மற்றவற்றில் 42. கலவர நடத்தையிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அப்படியானால் அவ்வளவு மருந்தும் எதைத் தடுத்துக்கொண்டிருந்தது? நார்வேயில் 2011இல் வெளியான ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது: பெரும்பாலும் பாராசிட்டமால் கொண்டு வலிக்கு முறையாகச் சிகிச்சை அளித்ததும் கலவரம் தணிந்தது. வாய்விட்டு வலியைச் சொல்ல முடியாதவரின் முரட்டுத்தனம் பல வேளை ஒரு முறையீடு. கேட்காமல் அடக்குவதன் விலையும் தெரிந்ததே. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இவற்றின் புதிய வகைகளால் மறதிநோய் முதியவர்களின் இறப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகிறது என எச்சரித்தது. பிரிட்டனில் ஆண்டுக்கு 1,800 கூடுதல் இறப்புகள் என 2009இல் அரசுக்கு அளிக்கப்பட்ட பானர்ஜி அறிக்கை மதிப்பிட்டது.

நிறுத்தினால் நோய்க்குறிகள் திரும்பும் என்பது மறுப்பு. இம்மருந்துகளில் ஒன்றான ரிஸ்பெரிடோனால் உண்மையிலேயே குணம் கண்டவர்களிடம் அது நேர்ந்ததை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது அத்தகையோருக்கே பொருந்தும் வாதம். பயன் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குவோருக்கு அன்று. மருந்து உட்கொள்வோரின் கணக்கை ஏட்டில் மட்டும் குறைக்கும் தந்திரம் மருந்துக் குறைப்புக்கு இதைவிடப் பெரிய தடை: மனச்சிதைவு நோயாளிகள் கணக்கில் சேராததால், இல்லாத நோயைப் பதிவில் எழுதும் வழக்கம் அமெரிக்க இல்லங்களில் பரவி, 2023இல் அரசு தணிக்கையை அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஆல்சைமர் மறதிநோயின் கலவரத்துக்கென, இதே வகை மருந்தான பிரெக்ஸ்பிப்ரசோல் அங்கே அனுமதி பெற்றது.