கடிக்கும் வாயும் உறிஞ்சும் வாயும்: ராஜபாளையம் வட்டாரப் பருத்தியில் கணுக்காலிகளின் நூறாண்டு

தளவாய்புரம் நைட்டித் தயாரிப்புக்குப் பேர்போன ஊர். பக்கத்தில் ராஜபாளையத்தில் 1936இல் தொடங்கிய பஞ்சாலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம். அங்கே உருவான ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளோடு வருகின்றன. இவ்வட்டாரப் பருத்தியின் கதையை ஆலைகளையும் ரகங்களையும் வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். செடியைத் தின்னும் உயிர்களின் உடலமைப்பை, அதிலும் வாயுறுப்பை வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு தீர்வுக்குப் பின்னும் புதுத் தொல்லை முளைத்தது ஏன் என்பது விளங்கும்.

பூச்சி, சிலந்தி, மரவட்டை, நண்டு எல்லாமே கணுக்காலிகள். பெயரிடப்பட்ட விலங்கினங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இவைதாம். கைட்டின் கலந்த புறக்கூடு, கணுக்கணுவான கால்கள், வளர வேண்டுமானால் தோலுரித்தாக வேண்டிய கட்டாயம் ஆகியவை இவற்றுக்குப் பொது. வாய் மட்டும் இனத்துக்கு இனம் வேறு. காய்ப்புழு கடித்து மெல்லும். தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை ஊசி போன்ற அலகைச் செருகிச் சாற்றை உறிஞ்சும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மாவட்டங்களுக்குக் கம்போடியாப் பருத்தி வந்தது. நெல் அறுத்த வயலில் மாசிப் பட்டத்தில் விதைக்கும் கோடைப் பருத்தி, இவ்வட்டார வழக்கமானது. நீண்ட இழை கிடைத்தது. கூடவே தண்டுக் கூன்வண்டின் தொல்லையும் பெருகியது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த வண்டு, தன் நீண்ட மூக்கால் இளந்தண்டைத் துளைத்து, அந்தக் குழியில் முட்டையிடும். வெளிவரும் புழுவுக்குக் காலே கிடையாது. கணுக்காலியாகப் பிறந்தும் காலில்லாத அந்தப் புழு, பட்டைக்குள்ளேயே குடைந்து தின்னும். தரையை ஒட்டித் தண்டு வீங்கும். காற்றடித்தால் அந்த இடத்திலேயே ஒடியும். புழு தண்டுக்குள் இருப்பதால் மேலே எதைத் தெளித்தும் பெரும்பயன் இல்லை. 1919ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டம், குறித்த நாளுக்குள் பருத்திச் செடியைப் பிடுங்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தந்தது. வயலில் செடியே இல்லாத இடைவெளி ஒன்றை உண்டாக்கி, வண்டின் வாழ்க்கைச் சுழற்சியை அறுப்பதே நோக்கம். மருந்துக் காலத்துக்கு முன் உருவான இந்த உத்தி, பூச்சியை நன்கு புரிந்துகொண்டவர்களின் உத்தி என்றே கருதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த டி.டி.டி., புறக்கூட்டின் மெழுகுப் படலம் வழியாகவே உள்ளே இறங்கி நரம்பைத் தாக்கியது. அதற்கு வாய் எப்படிப்பட்டது என்ற வேறுபாடில்லை. காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ட்ரைக்கோகிராமா குளவி, பொறிவண்டு, சிலந்தி எல்லாம் சேர்ந்தே மடிந்தன. 1980களில் செயற்கைப் பைரித்ராய்டுகள் பரவியபின், ஆந்திரப் பருத்தியில் வெள்ளை ஈயும், 1987இல் மருந்துக்கு அசையாத அமெரிக்கன் காய்ப்புழுவும் பெருகியது, நாட்டின் பருத்தி விவசாயிகள் கண்ட பெருந்துயரங்களில் ஒன்று.

2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழு செடியைக் கடித்து விழுங்கினால், பி.டி. புரதம் குடல்சுவரில் ஒட்டித் துளையிடும். சாறுறிஞ்சிகளை இது அசைக்கவில்லை. காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்த வயல்களில் தத்துப்பூச்சி முன்னுக்கு வந்தது. 2005-க்குப் பின் வட, மேற்கு மாநிலங்களில் அமெரிக்காவிலிருந்து வந்த மாவுப்பூச்சி செடிகளை வெள்ளையாக மூடியது. மெழுகுத்தூள் போர்த்திய உடலில் மருந்து ஒட்டவில்லை. ஏனேசியஸ் என்னும் குளவி, யாரும் கொண்டுவந்து விடாமலே வயல்களில் தென்பட்டு அதை அடக்கியது. மாவுப்பூச்சிக்குள் வளரும் அதன் புழு, பூச்சியைப் பழுப்பு நிறக் கூடாக இறுக வைத்துவிடும்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ விட்டுப்போகவில்லை. 1840களில் குஜராத்தின் பரூச்சிலிருந்து போன மாதிரியைக் கொண்டு பூச்சியியலாளர் சாண்டர்ஸ் விவரித்த பூச்சி இது. 2010இல் குஜராத்தில் முதல் தலைமுறை பி.டி. பருத்தியை இது தாங்கிப் பிழைப்பதாக அறிவிக்கப்பட்டது; சில ஆண்டுகளில் இரண்டாம் தலைமுறையும் தோற்றது. காயைப் பிளந்தால் இரண்டு விதைகளை நூலால் ஒட்டி, அதற்குள் சுருண்டு உறங்கும் புழு தெரியும். அறுவடை முடிந்த செடியின் காய்ந்த தண்டான மார் வயலிலோ குவியலிலோ கிடந்தால் அடுத்த பட்டம் வரை அது அங்கேயே இருக்கும். அதனால்தான் பருத்தியைக் காலம் கடத்தாமல் முடித்து, மாரைப் பிடுங்கி அகற்றும்படி வேளாண் துறையினர் இன்று மீண்டும் சொல்கிறார்கள். 1919இன் சட்டம் கேட்டதும் இதைத்தான்.