உழ்ஹிய்யா இறைச்சியும் அடுப்புச் சூடும்: ஒரு சிறு வரலாறு



2022 ஹஜ்ஜுப் பெருநாளைக் கொழும்பில் இருந்த நாம் யாரும் மறக்க மாட்டோம். பெருநாள் ஜூலை 10. அதற்கு முதல் நாள்தான் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 2021 அக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகி இருந்தது. அந்தக் காசைக் கொடுக்கவும் வரிசையில் நிற்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. கொட்டாஞ்சேனையில் கொஞ்சம் முற்றம் இருந்தவர்கள் விறகு மூட்டினோம். வெள்ளவத்தை மாடி வீடுகளில் அதற்கும் இடமில்லை. இருக்கிற கேஸில் இறைச்சியை எப்படி அவிப்பது என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு.

இந்தக் கேள்வி பழையது. 1679இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் இறுக்கமான மூடி போட்ட ஒரு கனத்த பாத்திரத்தைச் செய்து காட்டினார். திறந்த சட்டியில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். அதன் பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே இறைச்சி அவிய நேரம் எடுக்கும். பாப்பின் ஆவியை வெளியே விடாமல் அடைத்தார். அமுக்கம் ஏறியது, சூடும் ஏறியது, எலும்பு கூட மென்மையானது. நம் வீட்டுப் பிரஷர் குக்கர் அதன் வழி வந்ததுதான். அதற்குள்ளே சூடு 120 பாகை அளவுக்குப் போகும்.

குக்கர் இல்லாதவர்கள் வேறு வழி கண்டார்கள். இறைச்சியின் சதை 60 பாகையைத் தாண்டியதும் சுருங்கித் தண்ணீரை விடும். பாதி அவிந்த மாட்டிறைச்சி றப்பர் மாதிரி இழுபடுவது அதனால்தான். சதையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் 70 பாகைக்கு மேல்தான் மெதுவாகக் கரையத் தொடங்கும். அதற்கு வேண்டியது பெரிய தீ அல்ல, நேரம். மூடி விளிம்பில் மாவு பூசி, மேலும் கீழும் தணல் போட்டுத் தம் வைத்த பெரியவர்கள் வெப்பமானி இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். தம் என்றால் பாரசீக மொழியில் மூச்சு.

இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பட்ட பிரித்தானியாவில், கொதித்த சட்டியை வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் மூடி வைத்தார்கள். உள்ளிருந்த சூட்டிலேயே கறி அவிந்தது. பழைய போர்வையில் இறுக்கிச் சுற்றினாலும் இதே வேலை நடக்கும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் உணவை 2 மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறைச்சியின் நடுப்பகுதி குறைந்தது 70 பாகையைத் தொட வேண்டும். எனவே சுற்றி வைத்த கறியைச் சாப்பிடுமுன் மறுபடி நன்றாகக் கொதிக்க விட வேண்டும். அரைத்த இறைச்சியில் இன்னும் கவனம் தேவை: மேலே இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே போய்விடும். நிறத்தைப் பார்த்து மட்டும் அவிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பகல் வேளையில் 30 பாகை இருக்கும் கொழும்பில், காலையில் அறுத்த இறைச்சி பையில் கட்டிப் பகல் வரை வாசலில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசிப்போம். பிரிட்ஜ் இருக்கிற வீடு தப்பிவிடும். இல்லாத வீட்டுக்குத்தான் நாம் பெரும்பாலும் கடைசியில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஏழையின் பங்கு நம் கையில் உள்ள அமானிதம். வரும் பெருநாளில் பிரிட்ஜ் இல்லாத வீடுகளின் பட்டியலை முதலிலேயே எழுதி, அந்தப் பங்கை முதலில் அனுப்புவோம்.

அல்லாஹ் நம் அனைவரின் உழ்ஹிய்யாவையும் ஏற்றுக்கொள்வானாக.