வாசிகசாலை வாங்கில் யார் இருந்தார்கள்?

யாழ்ப்பாணத்து ஊர்களில் ஒழுங்கைகள் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கும். முன்சுவரில் பாரதி, வள்ளுவர், காந்தி, விவேகானந்தர் என்று யாராவது ஒருவருடைய பெயர், அதற்குக் கீழே 'சனசமூக நிலையம்'. உள்ளே நீட்டு மேசை, இரண்டு மூன்று வாங்கு, புத்தக அலுமாரி. பக்கத்து வளவில் கரப்பந்து வலை. ஊரில் பெரியாக்கள் இன்னமும் இதை வாசிகசாலை எண்டுதான் சொல்லுவினம். எங்கட தலைமுறை அந்தப் படலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குள் என்ன வரலாறு கிடக்கிறது என்று நாங்கள் கேட்டுப் பார்த்ததில்லை.

வாசிகசாலை என்ற பெயரில் இருந்தே தொடங்கலாம். 1930களில் தமிழில் பேப்பர் படிக்கிற பழக்கம் ஊருக்கு ஊர் பரவியது. வீரகேசரியும் ஈழகேசரியும் 1930 இலும், தினகரன் 1932 இலும் வரத் தொடங்கின. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. வாக்குப் போடுகிறவனுக்கு நாட்டு நடப்புத் தெரிய வேண்டும். ஆனால் வீட்டுக்கு வீடு பேப்பர் வாங்கக் காசு இல்லை. ஒரு பேப்பரைப் பத்துப் பேர் படிக்கலாம், எழுத்துத் தெரியாதவருக்கு ஒருவர் உரத்து வாசிக்கலாம். வாசிகசாலையின் கணக்கு அவ்வளவுதான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் இதே மாதிரித்தான். 1933 இல் க. மு. செல்லப்பா தன்னுடைய வீட்டிலேயே புத்தகங்களைப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 புத்தகங்களோடு அது நூலகமாகத் திறக்கப்பட்டது. 1981 இல் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அந்த நெருப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டு அறையில் இருந்து அவ்வளவு பெரிய நூலகம் எப்படி வளர்ந்தது என்று பேசுகிறவர்கள் குறைவு. ஊர் வாசிகசாலைகளையும் ஒரு அரசாங்கம் கட்டித் தந்துவிட்டுப் போகவில்லை. யாரோ காணித்துண்டு எழுதிக் கொடுத்தார்கள், யாரோ கிடுகு கொண்டுவந்தார்கள், பெடியள் சிரமதானத்தில் மண் சுமந்தார்கள். உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்து உதவித்தொகை எடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்த கதை.

அந்த மேசையில் ஊர் இன்னொரு விசயமும் பழகியது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவு நடக்கும். வருடா வருடம் பொதுக்கூட்டம். போன கூட்ட அறிக்கையை வாசித்து, கணக்குக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கோயிலில் உபயகாரருக்குத்தான் முதல் மரியாதை. வாசிகசாலையில் சந்தா கட்டிய ஆருக்கும் கை உயர்த்த உரிமை இருந்தது. சண்டையும் வரும், கூட்டம் குழம்பும், பிறகும் ஒரு கதிரையில் வந்து இருப்பார்கள். சனநாயகத்தை எங்கட ஊர்கள் கைப்பழக்கமாகப் படித்த இடங்களில் இது முக்கியமான ஒன்று.

ஆனால் 'ஆருக்கும்' என்ற சொல்லில் நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஒரே ஊரில் ஏன் இரண்டு மூன்று சனசமூக நிலையங்கள்? தூரம்தான் காரணம் என்று சிலர் சொல்லுவார்கள். பல இடங்களில் காரணம் சாதி. குறிச்சிகள் எப்படிப் பிரிந்து கிடந்தனவோ, வாசிகசாலைகளும் அப்படியே பிரிந்தன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது வந்த பிறகும் தேநீர்க்கடைக் கதவும் கோயில் கதவும் தானாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போக வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் குறிச்சிகளில் எழுந்த வாசிகசாலை வெறும் பேப்பர் படிக்கிற இடமாக இருக்கவில்லை. உள்ளே விடாத மேசைக்கு அது ஒரு பதில்.

பெண்களின் கதை வேறு. பின்னேரம் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதே கட்டடத்தில் பல ஊர்களில் காலையில் முன்பள்ளி நடக்கும். ரீச்சரும் அம்மாமாரும்தான் அப்போது அங்கே நிற்பார்கள். ஒரு நாளுக்குள் ஒரே கட்டடம் இரண்டு ஊராக மாறும். ஆனால் நிர்வாகக் கூட்டம் பின்னேரத்து ஊருக்குத்தான்.

யுத்த காலம் இந்தக் கட்டடங்களுக்குப் புது வேலை கொடுத்தது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட அந்த வருடங்களில், செய்தி என்றால் நாலு பேர் கூடினால்தான் செய்தி. இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குப் பள்ளிக்கூடமும் கோயிலும் போல வாசிகசாலையும் கூரையானது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது, அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போக ஆராலும் முடியவில்லை. திரும்பி வந்தவர்கள் பல இடங்களில் வெறும் சுவரைத்தான் கண்டார்கள். பிறகும் முதல் வேலைகளில் ஒன்றாக அந்தச் சுவருக்குக் கூரை போட்டார்கள்.

இண்டைக்கு வெளிநாட்டுக் காசில் மாடிக் கட்டடம் எழும்புகிற ஊர்களும் இருக்கின்றன. ரைல்ஸ் பளபளக்கிறது, கதவு பூட்டிக் கிடக்கிறது. பேப்பர் கைப்பேசிக்குள் வந்துவிட்டது என்பது உண்மை. கைப்பேசியில் நாங்கள் தனியாகப் படிக்கிறோம். எங்களுக்குப் பிடிக்காத அரசியல் பேசுகிற பக்கத்து வீட்டு அண்ணையோடு ஒரே பேப்பரைப் பங்கு போட வேண்டிய தேவை அங்கே இல்லை. வாசிகசாலை தந்தது அந்தத் தேவையைத்தான்.

பழையதைத் திரும்பக் கொண்டுவா என்று நாங்கள் சொல்லவில்லை. சாதி பார்த்த மேசையும் பெண்கள் இல்லாத கூட்டமும் திரும்பி வரத் தேவையில்லை. ஆனால் மிஞ்சிக் கிடக்கிற அலுமாரிகளில் கூட்டக் குறிப்புப் புத்தகங்கள், ஆண்டு மலர்கள், வரவுசெலவுக் கொப்பிகள் கிடக்கின்றன. எந்த வருடம் கிணறு வெட்டினார்கள், எந்தத் தீர்மானம் தோற்றது, ஆரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கறையான் முந்துவதற்குள் உங்கள் ஊர் நிலையத்தின் திறப்பு ஆரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கொப்பிகளைப் படம் எடுத்து வையுங்கள், நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களுக்குக் கொடுங்கள். அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்றும் கேளுங்கள். போனால், தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு போய் முன்வாங்கில் இருங்கள்.