செல்வம் திறக்காத கதவு

காதல் தோற்ற கதை என்பர், கண்ணீர் வடிப்பர், விதி என்பர். நாம் கேட்கிறோம், தோழர்களே: வீழ்த்தியது விதிதானா?

1925ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளிவந்தது ‘தி கிரேட் கேட்ஸ்பி’ எனும் புதினம். தீட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஜெரால்டு. ஏழை உழவர் வீட்டில் பிறந்த கேட்ஸ்பி, படைவீரனாக இருந்தபோது செல்வர் வீட்டு மகள் டெய்சியிடம் மனத்தைப் பறிகொடுத்தான். அவளோ பரம்பரைச் சீமான் டாம் புக்கானனை மணந்தாள். இழந்தவளை மீட்கப் பொன் வேண்டும் என்றெண்ணினான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கள்ள மதுவில் குவிந்தது பணம்! லாங் ஐலண்டில் மாளிகை, இரவெல்லாம் விருந்து! நீருக்கு அப்பால் அவள் வீட்டுப் பச்சை விளக்கை ஏக்கத்தோடு நோக்கி நின்றான். விளக்குத் தெரிந்தது, கதவு திறக்கவில்லை. டாமின் கண்ணுக்கு அவன் ஊர்பேர் தெரியாதவன்! விருந்துண்டோர் பல நூற்றுவர். அவன் பிணத்தின் பின் சென்றோரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

அந்த டாம்தான் உணவு மேசையில் அமர்ந்து, வெள்ளை இனம் மூழ்கிவிடும் என்று அலறுகிறான். வெறும் கற்பனையா அது? 1920இல் லோத்ராப் ஸ்டாடர்டு அவ்வச்சத்தை நூலாகவே எழுதினார். 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசிய மக்களுக்குக் கதவடைத்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1923 பிப்ரவரியில், அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் பகத் சிங் திந்த். தூக்குமேடை ஏறிய பகத் சிங் அல்லர், வேறொருவர். வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினருமே குடியுரிமை பெறலாம் என்றது அந்நாளையச் சட்டம். மனிதன் என்பதால் உரிமை கேட்கவில்லை திந்த் தரப்பு. உயர்சாதி என்றது, ஆரியக் குருதி என்றது, ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டது! இங்கே மனிதனை மனிதன் தீண்டாதிருக்கச் செய்த சாதிச் செருக்கு, கடல் கடந்து சென்று சான்றாக நின்றது! வெள்ளையர் அல்லர் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர் நீதிபதிகள். இந்தியர் குடியுரிமை பெற 1946ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. குடியுரிமைக்கு இனத்தடை நீங்கியது 1952இல்.

கேட்ஸ்பி பொன்னைக் காட்டினான். திந்த் குலத்தைக் காட்டினார். மாளிகைக்குள் தமக்கோர் இடம் கேட்டனரேயன்றி, வாயிலில் பிறப்பைக் கேட்டு நின்ற காவலை எதிர்த்தாரில்லை. அக்காவலை அகற்றாமல், உள்ளே இடம் பெற்றாலும் பயன் என்ன? அடுத்து வருபவனைத் தடுக்கும் காவலராக நாமே மாறுவோம்!

இளைஞனே, பச்சை விளக்கை நோக்கி ஏங்காதே. பிறப்பைக் கேட்கும் கதவைப் பெயர்த்தெறி!